வலைப் பொட்டலங்களைக் காணும் கருவி: அதன் பயனும் பராமரிப்பும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்குத் தாயகத்தோடு உள்ள தொடர்பு முன்னாளில் பெரும்பாலும் அஞ்சலை நம்பியிருந்தது. இந்நாளில் அது இணையத்தை நம்பியிருக்கிறது. தில்லியிலிருந்து திருநெல்வேலிக்கு முகம் பார்த்துப் பேசுகிறோம். நடுவில் பேச்சு அறுபடுகிறது. உருவம் உறைந்து நின்றுவிடுகிறது. குற்றம் யாருடையது? கைப்பேசியினதா, வீட்டிலுள்ள வைஃபையினதா, இணைப்புத் தரும் நிறுவனத்தினதா, அன்றி எங்கோ உள்ள ஒரு கணிப்பொறியினதா? ஒருவர் மற்றவரைச் சுட்டிக் காட்டுவது எளிது. உண்மையைக் காண்பது அரிது. அவ்வுண்மையைக் காண உதவும் ஒரு கருவியைப் பற்றியும், அக்கருவியையே பழுதின்றி வைத்திருக்கும் முறையைப் பற்றியும் இங்கு ஆராய்வோம். பெங்களூரிலும் ஐதராபாதிலும் புனேயிலும் தமிழர் பலர் இத்துறையிலேயே பணியாற்றுவதால், இப்பொருள் நமக்கு அயலானதன்று.

இணையத்தில் ஒரு செய்தி ஒரே ஓட்டமாகச் செல்வதில்லை. அது சிறு துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் முகப்பிலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி முதலிய குறிப்புகள் சேர்க்கப்படுகின்றன. இத்துண்டையே பொட்டலம் என்கிறோம். தொழிலில் உள்ளோர் பாக்கெட் என்று வழங்குவர். சாதாரண வலையில் ஒரு பொட்டலம் சுமார் 1,500 பைட்டு வரை இருக்கலாம். அஞ்சல் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். ஊழியரை நினைத்துப் பாருங்கள். அவர் உறையின் மேலுள்ள விலாசத்தைப் பார்த்துப் பிரிக்கிறார். அவர் அருகில் ஒருவர் நின்று, கடிதங்களைத் தாமதப்படுத்தாமல், எந்த உறை எப்பொழுது வந்தது, எங்கிருந்து வந்தது, எங்குச் செல்கிறது என்று ஒரு பேரேட்டில் பதிந்து வருவதாகக் கொள்வோம். பொட்டலம் பிடிக்கும் கருவி செய்யும் வேலை அதுவே. பொட்டலத்தை அது தடுப்பதில்லை. அதன் பிரதி ஒன்றை எடுத்து, நேரத்தைக் குறித்து வைக்கிறது.

இக்கருவி பிறந்த காலத்தை அறிந்தால் அதன் தேவை விளங்கும். 1986ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக் கழகத்திற்கும் இடையே இருந்த இணைப்பு நிலைகுலைந்தது. இரண்டிற்கும் இடைத் தொலைவு 400 கஜமே. ஆயினும் நொடிக்கு 32,000 பிட்டு சென்ற வழியில் 40 பிட்டு மட்டுமே செல்லும் நிலை ஏற்பட்டது. கம்பி அறுபடவில்லை, யந்திரமும் நிற்கவில்லை. நெரிசல் மிகுந்த வேளையில் கணிப்பொறிகள் அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்பி, நெரிசலை மேலும் பெருக்கிக்கொண்டிருந்தன. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988இல் வெளியிட்ட கட்டுரையில் நெரிசலைத் தவிர்க்கும் முறைகளை விளக்கினார். அதே ஆண்டில் அவரும் கிரெய்க் லீரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோரும் அதே ஆய்வுக்கூடத்தில் டி.சி.பி.டம்ப் என்னும் கருவியை எழுதினர். இணையத்தின் போக்கைக் கண்ணால் கண்டு திருத்தும் முயற்சியின் ஓர் உறுப்பாகவே அது தோன்றிற்று. அதனுள் பொட்டலம் பிடிக்கும் பகுதி பின்னர் லிப்பிகேப் என்னும் தனி நூலகமாகப் பிரிக்கப்பட்டது. 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் வெளியிட்டு, 2006 முதல் வயர்ஷார்க் என்று பெயர் பெற்ற கருவியும் அந்நூலகத்தையே பயன்படுத்துகிறது.

கருவி இயங்கும் முறை இது. கணிப்பொறியின் வலை அட்டைக்குப் பொட்டலம் வந்து சேர்கிறது. கணிப்பொறியின் உள்ளமைப்பை ஆளும் கெர்னல் என்னும் நிரல், அதன் பிரதியை ஒரு வடிகட்டியின் முன் வைக்கிறது. ‘இன்ன முகவரியிலிருந்து வருவன மட்டும் போதும்’ என்று நாம் விதித்திருந்தால், வடிகட்டி மற்றவற்றை அங்கேயே ஒதுக்கிவிடும். தேறியவை ஒரு தேக்கத்தில் சேர்கின்றன. இத்தேக்கத்தைப் பஃபர் என்பர். கருவி அதிலிருந்து எடுத்துத் திரையில் எழுதுகிறது, அல்லது கோப்பில் சேமிக்கிறது. மெக்கேனும் ஜேக்கப்சனும் அமைத்த இவ்வடிகட்டியைப் பற்றிய கட்டுரை 1993இல் வெளிவந்தது. அது முந்தைய அமைப்பைக் காட்டிலும் 20 மடங்கு வரை விரைவானது என்று அதில் காட்டினர்.

இனி, நாம் முதன்மையாகக் கூற விரும்பும் கருத்துக்கு வருவோம். இக்கருவி ஒரு சாட்சி. வழக்கில் சாட்சியின் சொல்லை ஏற்கும் முன் ‘நீ எங்கே நின்றாய்? எவ்வளவு கண்டாய்? எதைக் காணவில்லை?’ என்று கேட்கிறார்கள். அக்கேள்விகளை இக்கருவியிடமும் கேட்க வேண்டும். கேளாவிடில், பழுதற்ற கம்பியைப் பழிப்போம். பழுதுள்ள யந்திரத்தை நம்புவோம்.

முதலாவது, எதைக் காணவில்லை என்பது. பொட்டலங்கள் வெள்ளமெனப் பெருகும்போது, கருவி எடுத்து முடிக்கும் முன்பே தேக்கம் நிறைந்துவிடும். பின்னர் வருவனவற்றைக் கெர்னல் கைவிட்டுவிடும். பதிவேட்டில் அவை இல்லாமையைக் கண்டு, வழியில் தொலைந்தன என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழை. ஆகவேதான் டி.சி.பி.டம்ப் வேலை முடிக்கும்போது, பிடித்தவை, வடிகட்டி பெற்றவை, கெர்னல் கைவிட்டவை என மூன்று எண்களைத் தருகிறது. மூன்றாம் எண் சுழியமா என்று பார்த்த பின்னரே மற்றவற்றைப் படிக்க வேண்டும். சுழியமில்லையாயின், தேக்கத்தைப் பெரிதாக்கலாம், வடிகட்டியை இறுக்கலாம், திரையில் எழுதாமல் கோப்பில் சேமிக்கலாம்.

இரண்டாவது, எவ்வளவு கண்டது என்பது. பழைய டி.சி.பி.டம்ப், ஒவ்வொரு பொட்டலத்திலும் இயல்பாக முதல் 68 பைட்டுகளையே வைத்துக்கொண்டது. உறையின் முகவரிக்கு அது போதும். இன்றைய பதிப்பின் இயல்பான எல்லை 2,62,144 பைட்டு. இங்குச் சேமிப்புக் கோப்பின் அமைப்பைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்தின் முன்னும் 16 பைட்டுக் குறிப்பு ஒன்று எழுதப்படுகிறது. அதில் நேரத்தோடு இரண்டு நீளங்கள் உள்ளன: ஒன்று கருவி வைத்துக்கொண்ட நீளம், மற்றொன்று வலையில் பொட்டலம் உண்மையில் கொண்டிருந்த நீளம். ‘இவ்வளவு வந்தது, இவ்வளவே என்னிடம் உண்டு’ என்று தன் குறையைத் தானே எழுதி வைக்கும் சாட்சி இது.

மூன்றாவது, எங்கே நின்றது என்பது. பொட்டலம் பழுதின்றி வந்ததா எனச் சரிபார்க்க அதில் ஒரு கூட்டுத்தொகை எழுதப்படுகிறது. இக்காலக் கணிப்பொறிகளில் அதைக் கணக்கிடும் வேலை பெரும்பாலும் வலை அட்டையிடம் விடப்படுகிறது. ஆனால் கருவி தன் பிரதியை, பொட்டலம் அட்டையை அடையும் முன்பே எடுத்துவிடுகிறது. ஆதலின், அனுப்பும் யந்திரத்திலேயே நின்று பார்த்தால் ‘கூட்டுத்தொகை தவறு’ என்று வரிக்கு வரி காட்டும். உண்மையில் பிழை ஏதுமிராது. பெறும் முனையில் நின்று பார்த்தால் ஐயம் தீரும்.

மற்றுமொன்று உண்டு. கருவி, எண் முகவரிகளைப் பெயர்களாக மாற்றிக் காட்ட முயலும்போது, அப்பெயர்களைக் கேட்டுத் தானே புதிய பொட்டலங்களை அனுப்புகிறது. காண வந்தவனே கூட்டத்தைப் பெருக்குகிறான். பெயர் தேடலை நிறுத்தி வைக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

மேற்கூறியவை பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை. கருவியை எழுதிப் பேணுவோரின் பணி இன்னும் கடினமானது. 1999ஆம் ஆண்டு முதல் டி.சி.பி.டம்ப்பையும் லிப்பிகேப்பையும் ஒரு தன்னார்வக் குழு பேணி வருகிறது. வலையில் வழங்கும் நெறிமுறைகள் பலப்பல. ஒவ்வொன்றையும் படித்துப் பொருள் கூற ஒரு தனிப் பகுதி கருவியில் உண்டு. இடர் அங்கேதான் பிறக்கிறது. ‘என் நீளம் 200’ என்று ஒரு பொட்டலம் கூறும். கையில் இருப்பது 40 பைட்டு மட்டுமே. அக்கூற்றை நம்பி நிரல் மேலே படித்தால், தனக்கு உரிமையில்லாத நினைவிடத்திற்குள் நுழைந்துவிடும். நின்றுபோகும், அல்லது பகைவர்க்கு வழிவிடும். 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 4.9.2 பதிப்பில் மட்டும் இவ்வகைக் குறைகள் எண்பதுக்கு மேற்பட்டவை திருத்தப்பட்டன. 2020 டிசம்பரில் வந்த 4.99 பதிப்பில், படிக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லையைச் சரிபார்த்த பின்னரே படிக்கும் முறை பரவலாகப் புகுத்தப்பட்டது.

இக்குறைகளைக் கண்டு திருத்தும் முறையை அறிவது பிற துறையினர்க்கும் பயன் தரும். முதல் விதி, பிழையை மீண்டும் வரச் செய்வது. இத்தொழிலில் அதற்கு ஒரு வசதி உண்டு. சேமித்த கோப்பை எத்தனை தடவை கொடுத்தாலும் அதே பொட்டலங்கள் அதே வரிசையில் வரும். ஆகவே பிழையும் அதே இடத்தில் தோன்றும். இரண்டாம் விதி, கோப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, பிழையைத் தோற்றுவிக்கும் ஒரே பொட்டலத்தைப் பிரித்தெடுப்பது. மூன்றாம் விதி, பிழையைத் திருத்திய பின் அப்பொட்டலத்தைச் சோதனைத் தொகுப்பில் நிரந்தரமாகச் சேர்த்து வைப்பது. நிரலில் பின்னர் யார் மாற்றம் செய்தாலும், பழைய கோப்புகள் யாவும் மீண்டும் கொடுக்கப்பட்டு, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று ஒப்பிடப்படும். நல்ல பொட்டலங்களைத் தாறுமாறாகத் திரித்து, கணிப்பொறியைக் கொண்டே ஆயிரக்கணக்கில் ஊட்டிப் பார்க்கும் முறையும் இப்பொழுது வழக்கத்தில் உள்ளது. ஆனால் தேக்கம் நிறைவதால் நேரும் பிழைகள் சேமித்த கோப்பில் அகப்படா. அவற்றை ஓடும் வலையிலேயே, பளுவேற்றிக் காண வேண்டும்.

காலமும் ஒரு பகையாகும். சேமிப்புக் கோப்பில் நேரத்தின் நொடிக் கணக்குக்கு 4 பைட்டு இடமே உண்டு. 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து எண்ணப்படும் அக்கணக்கு, குறை எண்களுக்கும் இடம் விட்டுப் படிக்கப்பட்டால் 2038 ஜனவரியில் நிறைந்துவிடும். மிகை எண்ணாக மட்டும் படிக்கப்பட்டால் 2106 வரை செல்லும். இன்று பிழையற்றதாகத் தோன்றும் ஒரு வரியை அன்றைய நாளை எண்ணித் திருத்தி வைப்பதும் பராமரிப்பே.

சாட்சியையே விலைக்கு வாங்க முயன்ற நிகழ்ச்சியும் உண்டு. 2002ஆம் ஆண்டு நவம்பரில், டி.சி.பி.டம்ப், லிப்பிகேப் ஆகியவற்றின் மூல நிரல் வழங்கப்பட்ட இடத்தில் எவரோ புகுந்து கள்ள நிரல் ஒன்றைச் சேர்த்துவிட்டனர். கருவியை ஆக்கும்போதே அது வெளியிலுள்ள ஒரு கணிப்பொறியோடு இரகசியமாகத் தொடர்பு கொள்ளும். அதோடு, 1963 என்னும் துறை எண்ணில் செல்லும் பொட்டலங்களை லிப்பிகேப் காணாதிருக்குமாறும் மாற்றியிருந்தனர். அக்கள்ள நிரல் பேசிய துறை எண் அதுவே. மற்றெல்லாவற்றையும் செவ்வனே காட்டி, ஒன்றை மட்டும் மறைக்கும் கண்ணைவிடக் குருட்டுக் கண் தீங்கற்றது. நிரலைப் பெறும்போது, வெளியிட்டோர் தந்த சரிபார்ப்பு எண்ணோடும் கையொப்பத்தோடும் ஒப்பிட்ட பின்னரே ஏற்க வேண்டும் என்பது இந்நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

இக்கருவியைக் கையாள்வோர்க்கு ஒரு கடமையும் உண்டு. இன்று பெரும்பாலான செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. உறையினுள் இருப்பது தெரிவதில்லை. ஆயினும் யார் யாரோடு எப்பொழுது தொடர்பு கொண்டார் என்பது புறத்தே தெரியும். பிறர் வலையில் இசைவின்றித் தரவை எடுப்பதற்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி பொறுப்பேற்க நேரிடும். தம் வலையாயினும் தேவையான அளவே பிடித்து, தேவை தீர்ந்ததும் அழித்துவிடுவது நன்று.

தம் ஊரை விட்டு வந்து, பெரிய நிலையங்களில் இரவும் பகலும் வலையைக் காத்து நிற்கும் நம் இளைஞர்கள், பழுது நேர்ந்த வேளையில் விரைந்து தீர்ப்புச் சொல்லுமாறு வற்புறுத்தப்படுவதுண்டு. அத்தீர்ப்பினால் ஒருவருடைய வேலையோ ஒரு நிறுவனத்தின் நற்பெயரோ பாதிக்கப்படலாம். அப்பொழுது முதலில் கைவிட்டவற்றின் எண்ணைப் பாருங்கள். பிறகு இரண்டு நீளங்களை ஒப்பிடுங்கள். மற்ற முனையிலும் ஒரு பதிவு எடுங்கள். இரண்டு பதிவும் ஒத்த இடத்தைத்தான் உண்மையென்று கொள்ளலாம்.