உவமையைக் கொள்ளுமாறு

‘விக்கிரமசிங்கபுரம் பொருநையின்கண் உள்ளது’ என ஒருவர் கூறக் கேட்பின், நீரின்மேல் வீடுகள் நிற்பனவாக யாரும் கருதார், கரையென்றே கொள்வர். வடநூலார் இதனைக் ‘கங்கையின்கண் இடைச்சேரி’ என்னும் எடுத்துக்காட்டால் விளக்குவர். சொல்லின் நேர்ப்பொருள் பொருந்தாதவழி அதனோடு இயைபுடைய பிறிதொரு பொருளைக் கொள்ளுதல் இலக்கணை எனப்படும். பாபநாசத்தை அடுத்த அவ்வூரிற் பிறந்து, 1785-இல் இறைவனடி எய்திய மாதவச் சிவஞான யோகிகள் தருக்கசங்கிரகத்தைத் தமிழ் செய்தமையின், இவ்வாராய்ச்சி நம்மவர்க்குப் புதிதன்று.

அற்றேல், படிப்போன் முன்னர் நேர்ப்பொருளைக் கொண்டு, அது முட்டுப்படக் கண்ட பின்னரன்றோ வேறுபொருளை நாடுவான் எனின், எஞ்ஞான்றும் அங்ஙனம் நிகழ்வதில்லை. ‘காக்கை கவராமல் தயிரைக் காப்பாயாக’ என்னுந் தொடரின் நேர்ப்பொருளில் முட்டு யாதும் இல்லை. ஆயினும் பூனை வரின் ஏவலாளன் வாளா இரான். சொல்வோன் கருத்து நிரம்பாமையே இலக்கணைக்கு வித்து எனப் பிற்காலத் தருக்க நூலார் கொண்டது இதுபற்றியே. மேனாட்டு உளநூலாரும் இம்முடிபிற்கு அணுக வந்துள்ளனர். 1982-இல் குளூக்சுபெர்க்கு முதலிய மூவர் வெளியிட்ட சோதனையில், தொடர்களை எழுத்துப்படி மெய்யோ பொய்யோ என்று மட்டும் கூறும்படி பணிக்கப்பட்டோர், ‘சில தொழில்கள் சிறைகள்’ போல்வனவற்றைப் பொய்யெனத் தள்ளுதற்குத் தாழ்த்தனர். வேண்டாத உருவகப்பொருள் தானே வந்து குறுக்கிட்டது.

பொருள் தானே வரும். அதன் எல்லை தானே வாராது. சித்தாந்த நூல் பயில்வார்க்கு இடர் இங்கேயே உளது. வினை, பயன், மெய், உரு என உவமத் தோற்றம் நான்கென்றார் தொல்காப்பியனார். இவற்றுள் எது கருதப்பட்டது என்று வினவாது ‘போல’ என்பதைக் கண்டமட்டில் மேற்செல்வார் மிகுதி. ஆணவத்திற்கு நெல்லின் உமி உவமையாகும். உமி நெல்லோடு உடன்தோன்றியது, அவ்வளவிற்கே உவமை. உலக்கையாற் குற்ற உமி நீங்கி வேறிடத்துக் குவிதல் கண்டு, முத்தியில் மலமும் அங்ஙனம் அறவே கழிந்தொழியும் என்று கொள்ளின் சித்தாந்தமே பிறழும். மலம் நித்தப்பொருள், அதன் சத்தி மடங்குவதன்றி அஃது அழியாது. அது கருதியே கதிரவன்முன் இருளை வேறுவமையாகக் கூறினர்.

உமாபதி சிவனார் சிவப்பிரகாசத்தில் இன்னும் நுட்பமாகச் செய்தனர். பொன்னும் பணியும், இருளும் ஒளியும், சொல்லும் பொருளும் என்னும் மூன்றையும் எடுத்து விலக்கிய பின்னரே, உடலும் உயிரும் போல ஒன்றாயும், கண்ணும் அருக்கனும் போல வேறாயும், ஆன்மபோதமும் கண்ணொளியும் போல உடனாயும் நிற்கும் அத்துவிதத்தை நிறுவினர். முதலுவமையைத் தனித்துக் கொண்டவன் ஒருமைவாதியாவன். இரண்டாவதைத் தனித்துக் கொண்டவன் பேதவாதியாவன். ஒன்று தரும் மயக்கத்தை மற்றொன்று களைதலின், மூன்றனையும் ஒருங்கே உளத்து நிறுத்துதல் வேண்டும்.

திருவருட்பயனில் அவரே ‘தாடலை’ என்னும் சொல்லை உவமையாக்கினர். தாள், தலை என்னும் இருசொல் புணர்ந்தவழி ளகரமும் தகரமும் காணப்படா; டகரம் ஒன்றே ஒலிக்கும். கேட்பவன் செவிக்கு ஒன்று. பிரித்தறிவான் கருத்திற்கு இரண்டு. இரண்டும் கெடவுமில்லை, வேறுநிற்கவுமில்லை. திருவடி தலைமேற் பொருந்துதலாகிய பொருளும் அழையாமலே உடன்வரும். உமியின்கண் வந்ததுபோல விலக்கத்தக்கதன்று இது. ஆசிரியர் கருதி வைத்ததே. புணர்ச்சியிலக்கணம் பயிலாதார்க்கு மட்டும் இவ்வுவமை திறவாது.