குடிபெயர்ந்த வீடுகள்

மனிதர் வீட்டை விட்டுக் குடிபெயர்தல் நாம் அறிந்ததே. வீடே குடிபெயர்ந்து செல்லுமோ? செல்லும் என்பதைச் சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தொலைவில், முட்டுக்காட்டுக் கடலோரத்தில் உள்ள தட்சிணசித்திராவில் நாம் நேரிற் கண்டோம்.

பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து திறந்த வெளியிலே காட்சிக்கு வைக்கும் முறைக்குப் பெயர்பெற்ற முன்னோடி, சுவீடன் நாட்டிலே ஹசேலியஸ் என்பார் 1891 இல் நிறுவிய ஸ்கான்சென் ஆகும். தட்சிணசித்திரா 1996 இல் திறக்கப்பட்டது. பத்து ஏக்கர் நிலத்திலே தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நாடுகளின் வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சில, பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீளப் பொருத்தியவை. சில, மரபு வழுவாது புதிதாக எழுப்பியவை.

கோட்டயத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு 1850 இல் கட்டப்பெற்றதாம். கேரளத் தச்சர் மரத்தை மரத்தோடு கொளுவிப் பொருத்துபவர். ஆதலின் அத்தகைய வீட்டைக் குலையாமற் கழற்றலாம். முதலில் வீட்டை அளந்து வரைவர். பின் ஒவ்வோர் உறுப்புக்கும் குறியிடுவர். அக்குறிகளின்படியே புதிய இடத்தில் மீளக் கூட்டுவர்.

செட்டிநாட்டு வீட்டினுள்ளே எம்முடன் வந்த ஆச்சி தூணைத் தடவிப் பார்த்தார். சமையற்கட்டுகளையும் விடவில்லை. வெளியே வந்ததும், “எல்லாம் இருக்குது, பிள்ளை, அடுப்பிலைதான் சாம்பலைக் காணேல்லை” என்றார். நாம் சிரித்தோம், பின்னர் சிந்தித்தோம். தூணைப் பெயர்க்கலாம், அத்தூணிற் சாய்ந்திருந்து கதை சொன்னவரைப் பெயர்க்க முடியுமோ?

எம் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளை எண்ணிப் பார்த்தோம். போரிலே சிதைந்தவை பல. கவனிப்பாரற்று வீழ்ந்தவை வேறு பல. சங்கடப்படலை என்னுஞ் சொல்லைக் கேட்டால், அஃது யாதெனக் கேட்கும் பிள்ளைகள் இன்று உளர். வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கவென வாயிற்படலைக்கு மேலே கூரையிட்ட எம்மவரின் பண்பு, அச்சொல்லுடனே மறைந்துபோகலாமா?

மாணவர்களே, வீட்டைப் பெயர்த்து வைக்கும் பொருள்வளம் எல்லார்க்கும் இல்லை. ஆனால் ஒரு கொப்பியும் பென்சிலும் உங்களிடம் உண்டு. வருகின்ற விடுமுறையில் உங்கள் ஊர்ப் பழைய வீடொன்றை அளந்து வரையுங்கள். தலைவாசல், முற்றம், தாழ்வாரம் என ஒவ்வொன்றின் பெயரையும் குறியுங்கள். பின்னர் பாட்டியின் அருகில் இருந்து, எந்த அறையில் எவர் பிறந்தார், எந்த இடத்தில் நெல் வைத்தார்கள் எனக் கேட்டு எழுதுங்கள். வீடு வீழ்ந்தாலும் அந்தக் கொப்பி இருக்கும்.