எதிர்க்கரை இட்ட பெயர்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே காத்தான்குடி, களுவாஞ்சிகுடி; அந்தப் பக்கம் எழுவான்கரை. மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர், அது படுவான்கரை. எழுவான் என்றால் எழுகிறவன், படுவான் என்றால் படுகிறவன். இருவரும் ஒரே சூரியன்தான். செய்யும் தொழிலே செய்தவனுக்குப் பெயராகிவிடுவதை இலக்கணம் வினையாலணையும் பெயர் என்கிறது. பள்ளியில் அதை வாய்ப்பாடாக ஒப்பிக்கும் வாவிக்கரைப் பிள்ளைக்கு, எடுத்துக்காட்டு தன் முகவரியிலேயே இருக்கிறது. 'படு' என்ற வினையும் ஏட்டோடு நின்றுவிடவில்லை. மாலையில் வருவதாகச் சொல்பவர் இன்றும் "பொழுதுபட வாறன்" என்கிறார்.

எனக்கு இதில் பெரிய வியப்பு வேறொன்று. வாவிக்கு மேல் சூரியன் எழுவதைப் பார்க்க மேற்குக் கரையில் நிற்க வேண்டும். வாவிக்கு அப்பால் அது படுவதைப் பார்க்கக் கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு கரைக்கும் எதிர்க்கரைக்காரர்தான் பெயர் வைத்தார்களோ என்று தோன்றுகிறது.

1628இல் போர்த்துக்கீசர் கோட்டை கட்டிய புளியந்தீவும் நல்ல பாடம். புளியை ஏன் புளி என்றார்கள்? கேட்க முடியாது, அது இடுகுறிப்பெயர். புளியந்தீவு ஏன்? கேட்கலாம், அது காரணப்பெயர். நடுவில் நிற்கும் 'அம்' சாரியையைக் கவனியுங்கள். புளி மரத்தைக் குறிக்கும்போது இந்தச் சாரியை வரும் என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது. அதனால் 'மரம்' என்று சொல்லாமலே, இங்கே பேச்சு சுவையைப் பற்றியதல்ல, மரத்தைப் பற்றியது என்று விளங்கிவிடுகிறது. ஈரெழுத்துக்குள் எவ்வளவு பெரிய வேலை!

காரணப்பெயரில் கை வைக்கும்போதுதான் மனம் பதறுகிறது. ஆரைப்பற்றை இன்று ஆரையம்பதி. பதி கேட்க இனிமைதான். ஆனால் ஆரை படர்ந்து கிடந்த பற்றை பெயரிலிருந்து போய்விட்டது. பழைய பெயரையும் பலகையில் சிறிதாக எழுதி வைத்தால் என்ன?

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை மக்கள் வாவியைக் கடந்தது 'பாதை'யில். வண்டி வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான ஓடத்துக்கு இங்கே அதுதான் பெயர். நடக்கும் வழியும் பாதை, மிதக்கும் ஓடமும் பாதை: பலபொருள் ஒருமொழி. துறையில் நிற்பவர் தண்ணீரைப் பார்த்து "பாதை வருகுது" என்றால், வாவிக்கரை ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழும்புவார்கள்.