கிழட்டுக் கன்சோலும் கிறிஸ்துமஸ் கேமும்

டுசல்டோர்ஃப் நகரின் ஷாடோ தெருவில் டிசம்பர் மாதம் கேம் கன்சோல் வாங்க வருபவர்களில் பலர் விளையாடுகிறவர்கள் அல்லர். அவர்களுடைய அப்பா, அம்மா, பாட்டிமார். ஜெர்மனியில் 24ஆம் தேதி மாலையே பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரித்துவிடுவார்கள். கேம் பெட்டியின் மூலையில் சாய்சதுரமாக ஒரு வண்ண முத்திரை இருக்கும். மஞ்சள் என்றால் 6 வயது முதல், பச்சை என்றால் 12 முதல். கேம் உலகம் தெரியாத பாட்டிக்கு அது பெரிய ஒத்தாசை.

வயதான கன்சோல் பிழைப்பது இவர்களை நம்பித்தான். ஆர்வலர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே வாங்கிவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களைக் கடைக்கு இழுக்க, தீபாவளிக்குப் படம் இறக்குவதுபோல அக்டோபர், நவம்பரில் ஒரு பெரிய கேமை இறக்குகிறார்கள்.

ஜெர்மனியில் இதற்குப் பேர்போன உதாரணம் போக்கிமான். நிண்டெண்டோவின் கேம்பாய் அங்கே விற்பனைக்கு வந்தது 1990இல். ஒன்பது வருடம் கழித்து, 1999 அக்டோபரில், போக்கிமான் கேம் சிவப்பு, நீலம் என்று இரண்டு பதிப்புகளாக வந்தது. கேமில் சேகரிக்க வேண்டிய பிராணிகளில் சில சிவப்பில் கிடைக்கும், நீலத்தில் கிடையாது. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமானால் இரண்டு கேம்பாய்களைக் கேபிளால் இணைத்துப் பண்டமாற்று செய்ய வேண்டும். அண்ணனிடம் ஒன்று இருந்தால் தம்பிக்கும் ஒன்று தேவை! ஒரே வீட்டுக்கு இரண்டாவது கருவியை விற்கும் இந்தத் தந்திரத்துக்கு ஈடான விளம்பரம் எதுவும் இல்லை.

ஆனால் பண்டிகைக் கேம் வந்தாலே பழைய கன்சோல் துள்ளி எழுந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். 2017இல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலைப் பாருங்கள். 2022 நவம்பரில் புதிய போக்கிமான் மூன்றே நாளில் 1 கோடிப் பிரதிகள் விற்றது. அப்படியும் அந்த அக்டோபர்–டிசம்பரில் உலகெங்கும் விற்ற கருவிகள் சுமார் 82 லட்சம். அதற்கு முந்தைய ஆண்டு இதே மூன்று மாதங்களில் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல். 2023 அக்டோபரில் புது மாரியோ கேம் வந்தும் அந்த மூன்று மாதக் கணக்கு 69 லட்சமாகச் சரிந்தது. பிரதிகளைப் பெரும்பாலும் வாங்கியவர்கள் ஏற்கெனவே கருவி வைத்திருந்தவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2023இல் கிறிஸ்துமஸ் இல்லாத ஏப்ரல்–செப்டம்பரில் கருவி விற்பனை முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் கூடியது. ஏப்ரலில் மாரியோ திரைப்படமும், மே மாதம் புதிய செல்டா கேமும் வந்திருந்தன. டிசம்பரில் கூட்டத்தைக் கொண்டுவருவது பண்டிகை. எந்தப் பெட்டியை எடுப்பது என்பதைத்தான் கேம் தீர்மானிக்கிறது. ஒரு கேமின் சொந்த பலத்தை எடைபோட மே மாதமே சரியான தராசு என்பேன்.

கருவி விற்காத நிறுவனங்களுக்குப் பழைய கன்சோலை விற்றாக வேண்டிய கவலை இல்லை. டுசல்டோர்ஃபிலுள்ள யூபிசாஃப்ட் ஸ்டுடியோ உருவாக்கிய ‘தி செட்லர்ஸ்: நியூ அலைஸ்’ கேம் 2023 பிப்ரவரியில் கணினிக்கும், ஜூலையில் ஸ்விட்சுக்கும் வந்தது. ஆறு வயதுக் கருவிதான். ஆனால் அதற்குள் 12 கோடிக்கும் மேல் விற்றிருந்தது. அத்தனை பேரும் வாடிக்கையாளர்கள்.

புதுக் கேம் மட்டும் போதாதபோது கன்சோல்காரர்கள் என்ன செய்வார்கள்? பழையதையே கன்சோலோடு சேர்த்துக் கட்டி விற்பார்கள். 2017இல் வந்த ‘மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்’ நவம்பர் தள்ளுபடிக் காலத்தில் இப்படித்தான் ஆண்டுதோறும் ஸ்விட்ச் பெட்டிக்குள் ஏறியது. அதில் இருந்தது கேம் அட்டை அல்ல, பதிவிறக்கக் குறியீடு. குறியீடு ஒரே கணக்கில்தான் ஏறும். விளையாடி முடித்தபின் விற்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு வாங்குவதென்றால் பெட்டியைத் திருப்பி, உள்ளே அட்டையா குறியீடா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.