எழுபது டாலர் கேமும் நாற்பது நாள் கூலியும்

கீழ் வீட்டுப் பையன் போன வாரம், "அண்ணே, பிளேஸ்டேஷன் 5 கேம் ஒண்ணு வாங்கித் தர்றீங்களா? சம்பளம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா தந்துடுறேன்" என்றான். லத்தாவில் ஒரு கடையில் தினக்கூலி வேலை அவனுக்கு. கேமின் விலை 70 டாலர்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களிடம் சொன்னால், "கேம் எங்கடா விலை ஏறிச்சு?" என்பார்கள். 1990களிலேயே சில கேட்ரிட்ஜ் 60 டாலர். 2020இல்தான் 70 ஆனது. விலைவாசியோடு ஒப்பிட்டால் மலிவுதான். டாலரில் சம்பளம் வாங்குபவர்களுக்கு.

இங்கே கணக்கு வேற. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். குறைந்தபட்சத் தினக்கூலி 4,800. இருபது நாள் கூலிக்குள் கேம் வாங்கிவிடலாம். 2024இல் கூலி படியோடு 6,800; வெளிச்சந்தையில் டாலரோ 4,000 கியாட்டைத் தாண்டிவிட்டது. அதே கேமுக்கு நாற்பது நாளுக்கு மேல் உழைக்கணும். சாப்பாடு, வாடகை எதுவும் இல்லாமல்!

ஸ்டீம் தளம் இந்தியாவுக்கு 2015இலேயே ரூபாயில் விலை போட்டது. மியான்மருக்கு இன்னும் டாலர்தான். எல்லாருக்கும் குறைக்க வேண்டாம், ஊர்க் கூலியைப் பார்த்து விலை போடலாமே.

பையனுக்கு வாங்கித் தரவில்லை. கடனைக் கட்டவே இரண்டு மாசம் ஆகும் என்று அவனே கணக்குப் போட்டுவிட்டு, மொபைல் லெஜண்ட்ஸ் ஆடப் போய்விட்டான். அது இலவசம்.