போர்க்கால ஜீப் மீட்டமைப்பு

போர்க்கால ஜீப் மீட்டமைப்பு என்பது இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக உருவாக்கப்பட்ட ஜீப் ஊர்திகளைத் தனியார் வாங்கி, பழுதுநீக்கி, ஓட்டிப் பேணும் பொழுதுபோக்கு ஆகும். பழைய படைத்துறை ஊர்திகளில் ஆர்வம் கொண்டோர் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர். ஊர்தி சிறியது, வீட்டுக் கொட்டகையில் அடங்கிவிடும். உதிரிப் பாகங்களும் இன்றுவரை கிடைக்கின்றன. ஆயினும் பாகங்கள் எளிதில் கிடைப்பதே ஒரு சிக்கலையும் தோற்றுவிக்கிறது: எத்தனை பாகங்களை மாற்றிய பின்னும் அது அதே ஊர்திதானா?

ஊர்தி

அமெரிக்கத் தரைப்படை 1940 இல் கோரிய சிறிய நாற்சக்கர இயக்க ஊர்திக்கு முதல் மாதிரியைச் செய்தளித்தது பாண்டம் என்னும் சிறு நிறுவனம். பெருமளவு உற்பத்தி வில்லிஸ்-ஓவர்லேண்ட், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களிடம் சென்றது. 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊர்திகள் உற்பத்தியாயின. வில்லிஸ் தயாரித்தது எம்பி எனவும் ஃபோர்டு தயாரித்தது ஜிபிடபிள்யூ எனவும் பெயர் பெற்றன. இரண்டிலும் 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினே இருந்தது. முகப்பு விளக்குகளைப் பின்புறமாகத் திருப்பி, இரவில் எஞ்சினைப் பழுதுபார்க்க ஒளி பெறலாம்.

அடையாளம் காணுதல்

ஊர்தியின் அடையாளம் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைச் சார்ந்தது. வில்லிஸ் அடிச்சட்டத்தின் முன் குறுக்குத்தண்டு உருளைக் குழாயாக இருக்கும். ஃபோர்டில் அது கவிழ்த்த ப வடிவில் இருக்கும். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, எஃப் எழுத்தைப் பொறித்தது. சில ஆர்வலர்கள் அவ்வெழுத்துள்ள போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கின்றனர்.

ஆனால் இரு நிறுவனங்களின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே செய்யப்பட்டன. படைப் பணிமனையில் எது கைக்குக் கிடைத்ததோ அதுவே பூட்டப்பட்டது. எனவே ஒரு வில்லிஸில் ஃபோர்டு பாகம் இருப்பது குறையன்று. அது அவ்வூர்தியின் பணிக்கால வரலாறாகவும் இருக்கக்கூடும். முழுத் தூய்மையை நாடி அதனைக் களைவோர் இவ்வரலாற்றையும் அழித்துவிடுகின்றனர். இதற்கு மறுபுறம், துருப்பிடித்த பழைய உடற்பகுதியை நீக்கிவிட்டுப் பிலிப்பைன்சில் புதிதாகச் செய்யப்படும் எஃகு உடற்பகுதியைப் பொருத்துவதும் வழக்கம். அப்போது பழையதாக எஞ்சுவது சில வேளைகளில் அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டுமே.

பழுதுபார்த்தலும் ஓட்டுதலும்

மின்னமைப்பு 6 வோல்ட் ஆகும். ஒரே திறனைப் பெற 12 வோல்ட் அமைப்பைவிட இருமடங்கு மின்னோட்டம் தேவை. ஆகவே அதே மின்தடையில் இழப்பு நான்கு மடங்காகிறது. மெல்லிய கம்பியோ துருவேறிய இணைப்போ இருந்தால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழலும். ஸ்டார்ட்டரைக் கழற்றுமுன் பேட்டரி முனைகளையும் அடிச்சட்டத்துடனான இணைப்பையும் சுரண்டித் தூய்மை செய்து பார்ப்பது நன்று. இன்றைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால், எரிபொருள் பம்பிலுள்ள பழைய ரப்பர்ச் சவ்வைச் சிதைக்கும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கையின் கீழ் உள்ளது. மெத்தையைத் தூக்கித்தான் நிரப்ப வேண்டும். சிறு கசிவையும் பொறுத்துக்கொள்ளலாகாது. நான்கு சக்கர பிரேக்குகளும் ஒரே மாஸ்டர் சிலிண்டரைச் சார்ந்தவை: ஒரு குழாய் வெடித்தால் நான்கும் செயலிழக்கும். இருக்கைப் பட்டையும் கிடையாது. எனவே பிரேக் குழாய்களைப் பொறுத்தவரை அசல் என்ற பற்றைக் கைவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதே அறிவுடைமை.

சங்கங்களும் சட்டமும்

அமெரிக்காவில் படைத்துறை ஊர்திப் பாதுகாப்புச் சங்கம் 1976 இல் தொடங்கப்பட்டது. 1919 இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 62 நாட்கள் சென்ற படை ஊர்தி அணியின் வழித்தடத்தை 2009 இல் இதன் உறுப்பினர்கள் பின்பற்றிச் சென்றனர். ஐக்கிய இராச்சியத்தில் 40 ஆண்டுகளைக் கடந்த கார் போன்ற ஊர்திகளுக்கு 2018 மே முதல் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவை பெரிதும் மாற்றப்படாதவையாக இருத்தல் வேண்டும். ஆர்வலர்களின் வாதம் இங்குச் சட்டச் சிக்கலாகவும் மாறுகிறது.

இந்தியாவில்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் காணப்பட்ட ஜீப்புகளில் பல, மகிந்திரா நிறுவனம் தயாரித்த, போருக்குப் பிந்திய சிஜே-3பி வகையைச் சேர்ந்தவை. பச்சை வண்ணமும் வெண் நட்சத்திரமும் தீட்டினாலும் இவற்றை எளிதில் வேறுபடுத்தலாம்: உயரமான எஞ்சினுக்கு இடமளிக்கும்பொருட்டு இவற்றின் பானெட் போர்க்கால ஜீப்பின் பானெட்டைவிட நன்கு உயர்ந்திருக்கும்.