உங்களுக்குத் தெரியுமா? கப்பலேறும் கரண்ட்

தலைக்கு அதிக மின்சாரம் செலவாகும் நாடு எது? பலரும் அமெரிக்கா என்பார்கள். முதலிடம் ஐஸ்லாந்துக்கு. சுமார் நான்கு லட்சம் பேர் வாழும் அந்தத் தீவில் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 யூனிட். வீடுகளுக்குக் கதகதப்பு தருவது பெரும்பாலும் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர். அதனால் வீட்டு மீட்டரில் இந்தக் கணக்கைத் தேடினால் கிடைக்காது. மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மூன்றே அலுமினிய ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன.

இத்தனைக்கும் அங்கே பாக்சைட் தாது கிடையாது! தாதுவிலிருந்து பிரித்த அலுமினா என்ற வெள்ளைப் பொடி கப்பலில் வந்து இறங்குகிறது. அதை ஏறத்தாழ 950 டிகிரியில் உருகிய குழம்பில் கரைத்து, இரவு பகலாக மின்சாரம் பாய்ச்சினால்தான் உலோகம் பிரியும். ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட். சில மணி நேரம் கரண்ட் போனாலும் தொட்டியிலேயே உறைந்து எல்லாம் பாழ். ஐஸ்லாந்திலிருந்து வேறு நாட்டுக்கு மின்கம்பி போகவில்லை. அதன் ஆற்றுநீர் தரும் மின்சாரம் அலுமினியக் கட்டியாகத்தான் ஏற்றுமதியாகிறது, நாட்டு வருமானமாகிறது.

ஜப்பானில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1970களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அலுமினியம் உருக்கியவர்கள் அவர்கள். மின்சாரம் பெரும்பாலும் எண்ணெயை எரித்து வந்தது. 1973-74இல் எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானதும் கணக்கு கட்டுபடியாகவில்லை; அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. சொந்த நீர்மின் நிலையம் வைத்திருந்த கம்பாரா ஆலை மட்டும் 2014 வரை தாக்குப்பிடித்தது. நாட்டின் வளர்ச்சி நிற்கவில்லை. கட்டியை வெளியே வாங்கி, காரும் இயந்திரமும் செய்து விற்றார்கள்.



ஆனால் வெளியே வாங்கக் கையில் டாலர் வேண்டும்; டாலர் இல்லாவிட்டால் எரிபொருளும் இல்லை. 2022இல் இலங்கை அதை அனுபவித்தது. எண்ணெய்க் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே பணத்துக்காகக் காத்து நின்றன. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் நின்ற ஆட்டோக்காரருக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை. அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

எரிசக்தியைக் குறைத்துக்கொண்டே வளரும் நாடும் உண்டு. பிரிட்டன் 2000ஆம் ஆண்டில் செலவிட்டதைவிடக் குறைந்த எரிசக்தியில் இன்று அதிகம் சம்பாதிக்கிறது. சிக்கனமான இயந்திரங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஆலைகள் பல அங்கே மூடப்பட்டு, அவற்றின் பொருள்கள் ஆசியாவிலிருந்து வருகின்றன. அவற்றைச் செய்ய எரித்த நிலக்கரி நம்மைப் போன்ற நாடுகளின் கணக்கில் ஏறுகிறது. தலைக்கு இவ்வளவு என்ற பட்டியலை மட்டும் பார்த்து ஒரு நாட்டைப் புகழ்வதும் பழிப்பதும் நியாயமே இல்லை.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவற்றைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்கும் கணக்குக் கேட்கிறது. 2023 அக்டோபரில் கணக்குக் காட்டும் கட்டம் தொடங்கியது. 2026இல் வரும் சரக்கிலிருந்து கட்டணமும் உண்டு. நிலக்கரியில் உருக்கிய இந்திய எஃகுக்கும் இது பொருந்தும்.